பயறளவு மூளை

தங்கமீனின் மூளை ஒரு பயறளவுதான். நம் கோரியாமாவில் தங்கமீன் வளர்க்கக் குளம் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். உன் அப்பாவைப் பற்றிக் கேட்டால் சித்தப்பா மீனைப் பற்றி எழுதுகிறாரே என்று நினைக்காதே, ஹிசாயே. சுற்றி வளைத்தாவது சொல்லிவிடுகிறேன்.

போன மே மாதம், குஞ்சு பிரிக்கும் பருவம். காலையில் குளக்கரையில் அண்ணன் சொன்னார்: "தோகுஜி, உனக்குக் கை இருக்கு, கண்ணு இல்லடா. அடுத்த வருஷம் தாய்மீனெல்லாம் ஹிசாயேகிட்ட போகட்டும். நீ குளத்தைக் கழுவிக்கிட்டு இரு."

"முப்பது வருஷமா அதத்தானே பண்றேன்," என்றேன்.

அவர் சிரித்தார். அவருக்கு அது வெறும் கேலி. எனக்கு உள்ளே தைத்துவிட்டது.

பிறகு வெள்ளை எனாமல் கிண்ணத்தில் குஞ்சுகளை அள்ளி, வால் கோணலானவற்றை ஒதுக்க உட்கார்ந்தேன். ஒரு கிண்ணத்தைத் தொட்டால் முடிக்கும்வரை தலை நிமிரக்கூடாது. நிமிர்ந்தால் கண்ணின் அளவு தப்பிவிடும். நம் வீட்டு வழக்கம் அது, எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அண்ணன்தான். பத்தடி பின்னால் அவர் விழுந்த சத்தம் கேட்டது. "தோகு" என்று ஒரு முறை கூப்பிட்டார். நான் நிமிரவில்லை. அந்தக் கிண்ணத்தை முடித்தேன்.

அதன்பின் இன்னொரு கிண்ணம் அள்ளினேன். அதற்குச் சொல்ல என்னிடம் எந்த வழக்கமும் இல்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் மறுபடி கிண்ணத்தை நிரப்பியது, விழுந்து கிடந்த இடத்திலிருந்து அவருக்குத் தெரிந்திருக்கும்.

எப்போது விழுந்தார் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இப்போதுதான் பார்த்தேன் என்றேன். பேச்சும் வலது பக்கமும் போய்விட்டன. நினைவும் போய்விட்டது என்று ஊரெல்லாம் சொன்னவன் நான்தான். "அண்ணனும் இப்போ தங்கமீன்தான், நேத்து நடந்தது நெனப்புல இல்ல" என்று மீன் வளர்ப்போர் சங்கத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது எழுதக் கை கூசுகிறது.

போன ஞாயிறு நீ வந்தாய். "அப்பா மாதிரி சுவத்துல தட்டித்தான் தீனி போடறீங்களா, சித்தப்பா?" என்றாய்.

"இல்லம்மா, சும்மா தூவிடுவேன். பத்து மாசமாச்சு. அதுங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போவுது?"

நீ குளத்துச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினாய். தாய்மீன்கள் அத்தனையும் வாயைத் திறந்துகொண்டு உன் கைக்குக் கீழே வந்து நின்றன.

"மூளை சின்னதுதான் சித்தப்பா, புத்தி ஒண்ணும் சின்னதில்ல. படிச்ச படிப்புல இது ஒண்ணாவது உருப்படியாக் கத்துக்கிட்டேன்," என்று சிரித்தாய். நாற்காலியில் இருந்த அண்ணன் மீனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்ததும் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாய். "ஏன் இப்படி இளைச்சுப்போயிட்டாரு?"

"கஞ்சியைத் தொடமாட்டேங்கறாரு. வயசாயிடுச்சில்ல," என்றேன்.

நீ அலமாரியிலிருந்து மரக்கிண்ணத்தை எடுத்துக் கஞ்சி ஊற்றினாய். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். நீ அப்போது ஒன்றும் கேட்கவில்லை. நான் கொடுத்தால் மட்டும் ஏன் குடிப்பதில்லை என்று ஊருக்குப் போய்க் கடிதத்தில் கேட்டிருக்கிறாய்.

நான் அவருக்குக் கஞ்சி கொடுப்பது குஞ்சு பிரிக்கும் அந்த வெள்ளைக் கிண்ணத்தில். முதல் நாள் கைக்கு அகப்பட்டது அதுதான், இது சத்தியம். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லாம் நினைவிருக்கிறது என்று எனக்கு அன்றே புரிந்துவிட்டது. மரக்கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் நான் எடுக்கவில்லை. என்றைக்கு அவர் முகம் திருப்பாமல் இதில் வாய் வைக்கிறாரோ, அன்றைக்கு மறந்துவிட்டார் என்று அர்த்தம். அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தேன். பசி தாங்காதபோது நாலு வாய் குடிப்பார், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

செய்த தப்பு தெரிந்துவிட்டது, வெட்கத்தில் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இன்று காலையும் வெள்ளைக் கிண்ணத்தில்தான் கொடுத்தேன்.