கார்டியன் போட்டோ

— தலைய ஆட்டாத சுசி, பின்னல் கோணிக்கும். அடுத்தது சொல்லு. 'ஃபாஸ்டிடியஸ்'.

— கொத்தில்லக்கா.

— எதக் கேட்டாலும் கன்னடத்துல ஒரு கொத்தில்ல! தெரியலைன்னு தமிழ்லயாவது சொல்லித் தொலையேன். லேசுல திருப்திப்படாத ஆளுடி. அறுபது சீலையப் பிரிச்சுப் போடச் சொல்லிட்டு, 'வேற காட்டும்மா'ன்னு உக்காந்திருப்பாளுக பாரு, அவளுக.

— ராத்திரி முழுக்கப் படுத்திருந்தும் உன் கால் வீக்கம் வத்தவே இல்லக்கா.

— எப்படி வத்தும்? கடையில ஸ்டூல் இருக்குது, நாங்க உக்காரத்தான் கூடாது. ஏழு வருசமா இதே பாடு. பேச்ச மாத்தாத. 'கேப்ரிஷியஸ்'.

— ம்... கோவக்காரங்க?

— நாசமாப் போச்சு. நிமிசத்துக்கு நிமிசம் மனசு மாறுற ஆளு. எங்க ஓனரம்மாளாட்ட. காலைல 'நிர்மலா, நீதான் இந்தக் கடைக்கே கண்ணு'ம்பா. சாயங்காலம் 'நாளைலருந்து வராத'ம்பா.

— நீ சொன்னா எல்லாம் புரியுதுக்கா. புக்குல படிச்சாத்தான் புரியல.

— புரிஞ்சு என்ன பண்ண, மண்டையில நிக்கோணுமே! ஞாயித்துக்கெழம லா காலேஜ் பரிட்ச. மூணு மாசமா தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேன். ஹால் டிக்கெட் பத்திரமா இருக்குதா?

— பையில இருக்குக்கா.

— கார்டியன்னு என்ற போட்டோ, கையெழுத்து, ஆதார் எல்லாம் வாங்கிட்டுப் போனயே. எத்தனதான் கேப்பானுங்களோ!

— லா காலேஜுக்கு வயசுக் கணக்கே இல்லையாம், தெரியுமா?

— நல்லதாப் போச்சு. நீ படிக்கிற லட்சணத்துக்கு நாலு தடவ எழுத வேண்டி வரும். 'ஆப்ஸ்டினேட்'.

— எனக்கு ஆகல்லக்கா, முடியல. விட்டுடேன்.

— விடறதா? ஏண்டி, விடறதுன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா? பியூசில எண்பத்தெட்டு பர்சென்ட் எடுத்தேன். இதே பரிட்சைக்கு அப்ளிகேசன் வாங்கி வெச்சிருந்தேன். அந்த வாரந்தான் அப்பா கட்டடச் சாரத்துலருந்து விழுந்தாரு. மறுமாசம் நான் சீலைக்கடையில நின்னேன். அழுவக்கூட நேரமில்ல. இப்ப நீயும் விட்டுட்டா, நான் நின்னதெல்லாம் என்னத்துக்குச் சாமி?

— அப்பாதான் இப்ப வாட்ச்மேன் வேலைக்குப் போறாரேக்கா. கால் நல்லாயிருச்சுல்ல.

— அதுக்கும் உன்ற படிப்புக்கும் என்ன? எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. 'ஆப்ஸ்டினேட்' சொல்லு.

— நீயே சொல்லு.

— என்ன சொன்னாலும் பிடிச்ச பிடிய விடாத ஆளு. உன்னாட்ட.

— உன்னாட்டயும்தான். அக்கா, வார்த்த நோட்டு எங்க இருக்கு?

— எனக்கென்ன தெரியும்? என்ற ரெண்டு கையிலயும் உன்ற முடிதான் இருக்குது.

— என் மடியில இருக்கு. மூடித்தான் இருக்கு. ஒரு மாசமா நீ அதத் தொறந்தே பாக்கல. கேள்வியும் நீதான் கேக்குற, பதிலும் நீதான் சொல்ற.

— தெனம் ஒண்ணையே கத்துனா கல்லுக்கும் மனப்பாடம் ஆவும். அதுக்கென்ன இப்ப?

— நான் பி.காம் சேந்துட்டேன்க்கா. போன வாரமே. எனக்குக் கணக்குதான் பிடிக்கும்.

— சேந்துட்டயா? ஏண்டி, ஒரு வார்த்த சொன்னயா? அப்ப பரிட்ச? ஓனரம்மா கால்ல விழாத கொறையா ஞாயித்துக்கெழம லீவு வாங்கியிருக்கேனே, யாருக்கு?

— பையத் தொறந்து அந்த ஹால் டிக்கெட்டப் பாரு.

— எங்க... இதென்ன, என்ற போட்டோவப் போட்டிருக்கானுங்க? பேரு... நிர்மலா. தகப்பனார் கந்தசாமி. சுசி, உன்ற பேர விட்டுட்டு கார்டியன் பேரப் போட்டுட்டானுங்கடி! இப்ப என்ன பண்றது?

— அக்கா... எந்தப் பரிட்சைக்குக்கா கார்டியன் போட்டோ கேப்பாங்க?