மாப்பிள்ளைக்குக் கோடித்துணி

மொட்டை போட்டால் தலைக்குக் குளிர்ச்சி என்பார்கள் ஐயா. எனக்கு வேர்த்துத்தான் கொட்டுகிறது. அந்த ஃபேனை இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பச் சொன்னால், கேட்டதற்கெல்லாம் ஒளிவு மறைவில்லாமல் பதில் சொல்லிவிடுவேன்.

இம்மானுவேலை என் தோட்டத்து மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டியது நான்தான். புகாரில் 'கடத்தல்' என்று எழுதியிருக்கிறான். அது கொஞ்சம் பெரிய வார்த்தை. என் டிவிஎஸ்ஸில் அவனாகத்தான் ஏறினான். உள்ளே புரோட்டா பார்சல் வைத்திருந்தேன், கொசுவர்த்தியும் கொளுத்தி வைத்தேன். அவனுடைய வேஷ வேட்டியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். கொடுக்க யோசித்தான். கையில் அரிவாள் இருந்தது, வாழைக்கு இலை கழிக்கப் போன அரிவாள். அதைப் பார்த்து அவனாக ஒரு முடிவுக்கு வந்தான்.

உத்தமபாளையத்தில் கேபிள் நடத்துகிற உமர் பாருக் பாய் 'குகைத்துறவி' என்று ஞாயிற்றுக்கிழமை தொடர் எடுக்கிறாரே, நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாண்டியர் காலத்துச் சமணத் துறவி ஒருவர் மலைக்குகையிலிருந்து இறங்கி வந்து, வாரம் ஒரு கொலையைத் துப்புத் துலக்குவார். மொட்டைத் தலைத் துறவியாக வருகிறவன் இம்மானுவேல். பிணம் என் தங்கச்சி சங்கிலியம்மாளின் வீட்டுக்காரர் தமிழ்மாறன். எந்த வாரமானாலும் பிணம் அவர்தான், மீசையை மட்டும் மாற்றுவார்கள். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டார். அவரைப் போல மாப்பிள்ளை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

தப்பு முதல் வாரத்திலேயே நடந்துவிட்டது. எங்கள் வகையறாவில் தங்கச்சி புருஷன் செத்தால் பிணத்துக்குப் போர்த்துகிற முதல் கோடித்துணி தங்கச்சி பிறந்த வீட்டுத் துணி. மச்சான்தான் போட வேண்டும். அது என் உரிமை. தொடரில் போட்டவர் யார்? விளம்பரம் கொடுத்த வடுகபட்டி பூண்டு வியாபாரி கருத்தக்கண்ணன். கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் ஜனங்கள் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் டீக்கடையில் ஒருத்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏப்பா ராக்கப்பா, ஒனக்குச் சொல்லி விடலையாக்கும்? வடுகபட்டிக்காரவுகல்ல கோடி போட்டாக" என்று கேட்டார். கேட்டவர் முகத்தில் சிரிப்பே இல்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாயிடம் போய், கோடி போட எனக்கொரு மச்சான் வேஷம் கொடுங்கள் என்று முறையாகத்தான் கேட்டேன். "பாண்டியர் காலத்துல ஏதுண்ணே மச்சான்?" என்றார். படித்த மனுஷர் பேசுகிற பேச்சா அது? அக்கா தங்கச்சியோடு பிறக்காமலா அத்தனை பேரும் அந்தக் காலத்தில் சண்டை போட்டார்கள்? அதற்குப் பிறகும் வாரா வாரம் மாப்பிள்ளை செத்தார். வாரா வாரம் வேறு வேறு ஆள் கோடி போட்டான். உரக்கடைக்காரன் போட்டான், ஜவுளிக்கடைக்காரன் போட்டான். நான் வீட்டில் சேரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வாரத்தைத் திருவிழா மேடையில் நடத்தி நேரடியாக ஒளிபரப்பப் போவதாக அறிவித்தார்கள். நேரடி என்றால் வெட்ட முடியாது, திரும்ப எடுக்க முடியாது. அதற்குத்தான் மொட்டை போட்டேன். பழனிக்கு நேர்த்திக்கடன் என்று வீட்டில் சொன்னேன். முருகன் மன்னிப்பார், அவருக்கும் மச்சான் உண்டு.

மேடையில் மாப்பிள்ளை லட்சணமாகப் படுத்திருந்தார். இம்மானுவேலுக்குப் பதிலாகத் துறவி வேஷத்தில் போய் முதல் ஆளாகக் கோடி போட்டேன். அதோடு திரும்பியிருக்கலாம்தான். ஆனால் செய்வதைக் குறையில்லாமல் செய்ய வேண்டுமில்லையா? செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றினேன்.

"மச்சான், தண்ணி சில்லுன்னு இருக்கு" என்று மாப்பிள்ளை முணுமுணுத்தார்.

"செத்தவுக பேசக் கூடாது மாப்ளே" என்றேன்.

வாய்க்கரிசி போட்டேன். கைநிறையப் போட்டேன், பிறந்த வீட்டுக்காரர்கள் கஞ்சம் என்று பேர் வந்துவிடக் கூடாது. புரையேறிவிட்டது. இருமினால் ஜனங்கள் சிரிப்பார்கள், அவருக்குத்தான் அவமானம். அதனால் வாயைப் பொத்தினேன். காலை உதறினார். காலையும் பிடித்துக்கொண்டேன். பிரியம் இல்லாதவன் இவ்வளவு செய்வானா, சொல்லுங்கள்.

அப்புறம் ராஜா வேஷக்காரர் என்னைப் பார்த்து, "துறவியாரே, கொலைகாரன் யார்?" என்று கேட்டார். அது எனக்குத் தெரியாது ஐயா, அந்தப் பக்கத்தை நான் படிக்கவில்லை. சந்தேகத்தின் பேரில் வரிசையாக நிறுத்தியிருந்த மூன்று பேரையும் பார்த்தேன். ஒருத்தர் என் பங்காளி, ஒருத்தர் சம்பந்தி, இன்னொருத்தர் மகளுக்குக் கேட்டு வைத்திருக்கிற இடம். யாரைக் காட்டினாலும் காலத்துக்கும் பகை. "நான்தான்" என்றேன். கொலையைக் கண்டுபிடிக்க வந்தவரே கொலைகாரர் என்று ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மாப்பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்தது வேஷம் இல்லை என்று கண்டுபிடித்தவள் தங்கச்சி ஒருத்திதான்.

மேடை ஏறி வந்தாள். என்னைத் தள்ளிவிட்டு, அவரை உட்கார வைத்து முதுகில் தட்டினாள். அரிசி வந்து விழுந்தது. அதன்பிறகு மைக் முன்னாலேயே பேசினாள்.

"என் கழுத்துல தாலி கெடக்கையிலயே கோடி போட்டுட்டியேண்ணே. இனிமே எங்க வாசப்படிய மிதிக்காத. நாளைக்கு அவுகளுக்கு நெசமாவே ஒண்ணுன்னாலும் ஒனக்குச் சொல்லி விட மாட்டோம்."

இம்மானுவேல் விஷயத்தில் என்ன வழக்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு ஒரே ஒரு உதவி செய்தால் போதும். நீங்கள் சொன்னால் தங்கச்சி கேட்பாள், அந்த வீட்டுக்கு நான் போகலாம் என்று ஒரு வார்த்தை வாங்கிக் கொடுங்கள். மாப்பிள்ளை நூறு வயது இருக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் பிடித்த இருமல் இன்னும் நிற்கவில்லையாம், ராத்திரியில் மூச்சு வாங்குகிறதாம்.

அதனால் கொஞ்சம் சீக்கிரம் பேசுங்கள் ஐயா. வடுகபட்டிக்காரர் முந்திக்கொள்வார்.