தலை வராமல் கையெழுத்து இல்லை

பெயரும் முகவரியும் முதல் தாளில் கண்டபடி. வயது நாற்பத்து மூன்று. கால்நடை மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருக்கிறேன். துறைமுகத்தில் எல்லோரும் ‘முள்ளெண்ணி அம்மா’ என்று அழைக்கும் மீன்வள விஞ்ஞானி, படகுக்காரரிடம் கையூட்டு வாங்கிக்கொண்டு சுறாவின் இனத்தை மாற்றி எழுதினார் என்ற புகார் குறித்து என்னிடம் கேட்டதற்கு, நேரில் கண்டதைச் சொல்கிறேன்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலை வனக்காவலர் ஒரு சுறாவை ஐஸ் வண்டியில் கொண்டுவந்தார். தலையும் துடுப்புகளும் இல்லை. வால், அதன் வேரோடு ஒட்ட அறுபட்டிருந்தது. அது தடை செய்யப்பட்ட இனம் என்று படகைப் பிடித்து வைத்திருந்தார்கள். அதன் பிறகு வந்த விஞ்ஞானி, மாடுகளைப் படுக்க வைக்கும் மேசையில் அதைக் கிடத்தச் சொன்னார். சுறாவுக்கு உள்ளே இருப்பது வெறும் குருத்தெலும்பு, படத்தில் என்ன விழப்போகிறது என்று கேட்டேன். முதுகுக் கணுக்களில் சுண்ணாம்பு ஏறியிருக்கும், அது விழும் என்றார். அப்படியே விழுந்தது. பாசிமணி கோத்தது போல் இருந்தது. நீளமான உடல் என்பதால் மூன்று படம் எடுத்தோம். ஒரே கணு இரண்டு படத்திலும் சேர்ந்துவிடக் கூடாதென்று எல்லையில் குண்டூசி குத்தி வைத்தார்.

அதன் பிறகு கழுத்திலிருந்து ஒரு தடவையும் வாலிலிருந்து ஒரு தடவையும் எண்ணினார். தன் கணக்கைச் சொல்லாமல் என்னையும் எண்ணச் சொன்னார். எனக்கு ஒன்று குறைந்தது. கழுத்தோரம் கத்தி பட்டுப் பாதியாக நின்ற கணுவை நான் விட்டிருந்தேன். அதையும் சேர்த்து எழுபத்தொன்பது. தலையிலிருந்து வால் வேர் வரைக்கும் எண்ணினால், பிடிக்க அனுமதி உள்ள வகைக்குத் தொண்ணூறைத் தாண்டாது, தடை உள்ளதற்குத் தொண்ணூற்றெட்டுக்குக் குறையாது என்று எனக்கு விளக்கினார்.

வனக்காவலர், “மிச்சமெல்லாம் தலையோட போயிருக்கும்மா. தடை செஞ்சதுன்னே எழுதிடுங்க” என்றார். வராந்தாவில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்த படகுக்காரரின் மனைவி எழுந்து வந்து, “இது அந்தச் சுறா இல்லைன்னு உங்களுக்கே தெரியுதுல்லம்மா? படகு போச்சுன்னா நாங்க நடுத்தெருவுலதான் நிக்கணும்” என்று அழுதார். அதற்கு விஞ்ஞானி, “எனக்குத் தோணுறது வேற, எண்ணுனது வேற. தலை வராம ரெண்டு பேருக்கும் நான் கையெழுத்துப் போட முடியாது” என்றார். சொல்லிவிட்டு அந்த அம்மாவுக்குத் தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

அதன் பிறகு, துறைமுகத்தில் வெட்டிய சுறாத் தலைகள் மீன்தூள் ஆலைக்குப் போயிருப்பது தெரிந்து, வனக்காவலரைக் கூட்டிக்கொண்டு அவரே போனார். மாலையில் ஏழு தலைகளோடு திரும்பினார். முழங்கை வரை சேறு. நாற்றத்தில் எங்கள் டாக்டர் வாசலோடு நின்றுவிட்டார். பல்லைப் பார்த்தால் போதாதா என்று வனக்காவலர் கேட்க, “பல்லு தலையைப் பத்திதான் சொல்லும். இந்தத் தலை இந்த உடம்போடதான்னு கணுதான் சொல்லணும்” என்றார். ஐந்தாவது தலையில் கணுவின் மறுபாதி இருந்தது. உடலோடு வைத்ததும் டப்பாவில் மூடி போல் உட்கார்ந்தது. அந்தத் தலையில் முழுதாக ஒன்பது கணுக்கள். மொத்தம் எண்பத்தெட்டு. பல்லும் அனுமதி உள்ள வகை. அப்போதுதான் கையெழுத்திட்டார். படகு அன்றே விடுபட்டது. பணமோ பொருளோ கைமாறி நான் பார்க்கவில்லை.

சென்ற மாதம் அதே படகுக்காரரின் இன்னொரு சுறா, தலையில்லாமல் வந்தது. உடலில் மட்டுமே தொண்ணூற்றைந்து. தலையைத் தேடிப் போகலாமா என்று கேட்டேன். “வேண்டாம்மா. தலை வந்தா இன்னும் கூடத்தான் செய்யும்” என்று சொல்லி, தடை செய்யப்பட்டது என்று எழுதினார். வெளியே நின்ற படகுக்காரர் எகிறிக்கொண்டு உள்ளே வந்தார். “யாரு எண்ணுனது?” என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். “அந்தம்மாவா? அப்ப சரி, எங்க கையெழுத்துப் போடணும்?” என்றார்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)