சாம்பியன் பேயாண்டி விழுந்த விதம்

1937ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 21ஆம் தேதி, மதுரை டவுன் மாஜிஸ்திரேட் அவர்கள் முன்பாக, குற்றம் சாட்டப்பட்ட எதிரி சொல்லக் கேட்டு எழுதியது.

என் பெயர் ஜமீல். தகப்பனார் பெயர் மைதீன் ராவுத்தர். வயது முப்பத்தெட்டு. மதுரை தெற்குவாசலில் மனைவி ஜெயினம்புவோடும் மகள் சைனபோடும் குடியிருந்து வருகிறேன். இலவம்பஞ்சு மெத்தை தைப்பது தொழில். அதற்கு முன்பு குத்துச்சண்டை போட்டு வந்தேன். இதுவரை எந்த வழக்கிலும் நான் சம்பந்தப்பட்டதில்லை.

குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை என்றும், ஒப்புக்கொண்டால் அது எனக்கு எதிராகவே திரும்பும் என்றும் மாஜிஸ்திரேட் அவர்கள் எனக்கு விளங்கும்படி எடுத்துச் சொன்னார்கள். விளங்கியது. போலீசார் என்னை அடிக்கவும் இல்லை, ஆசை காட்டவும் இல்லை. ஆசை காட்டியவர்கள் வேறு ஆட்கள், அதைப் பின்னால் சொல்கிறேன். என்னை உட்காரச் சொன்னார்கள். இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடிவதில்லை, ஆகையால் நின்றுகொண்டே சொல்கிறேன்.

எழுமலை பேயாண்டி என்பவர் ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் தென்னிந்திய சாம்பியனாக இருந்தவர். சென்ற மாசி மாதம் காலமானார். சென்னையில் ஒரு பட்டாளத்து வெள்ளைக்காரரைச் சாய்த்து அந்தப் பட்டத்தை வாங்கி, அதன் பிறகு ஐந்து வருஷம் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தார். 1929ஆம் வருஷம் தமுக்கம் மைதானத்தில் கூடாரம் அடித்து நடந்த பந்தயத்தில் நான் அவரோடு மோதினேன். ஆறாவது ரவுண்டில் அவர் என் இடது காதில் ஓர் அடி கொடுத்தார். அந்தக் காது இன்றுவரை கேட்பதில்லை, கோர்ட்டார் வேண்டுமானால் சோதித்துப் பார்க்கலாம். அதன் பிறகு நான் அவர் விலாவில் ஒன்றும் தாடையில் ஒன்றும் கொடுத்தேன். அவர் விழுந்தார். நடுவர் பத்து எண்ணி முடித்தும் எழவில்லை. என் கையைத் தூக்கிப் பிடித்தார்கள், கூடாரத்தில் ஒருவரும் கை தட்டவில்லை.

மறுநாள் விடிந்ததும் பேயாண்டி தானாகத்தான் விழுந்தார் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. பந்தயம் நடத்திய கம்பெனிக்காரரிடம் கைநீட்டிப் பணம் வாங்கிவிட்டார் என்று சிலரும், வயிற்று வலி என்று சிலரும், எனக்கு ஒரு மகள் வளர்ந்துவருவதைக் கேட்டு இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தார் என்று சிலரும் சொன்னார்கள். நான் அடித்ததால் விழுந்தார் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. என் மைத்துனர்களே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எப்படிப் பேசி முடித்தாய் என்று விசாரித்தார்கள். அதன் பிறகு எந்தக் கம்பெனியும் என்னைச் சண்டைக்கு எடுக்கவில்லை. பேசிவைத்து ஜெயித்தவன் சண்டையை யார் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள் என்று கேட்டார்கள். நான் மெத்தை தைக்கப் போனேன்.

இரண்டு வருஷம் கழித்து உசிலம்பட்டி மாட்டுச் சந்தையில் பேயாண்டியைப் பார்த்தேன். நாலு பேர் அறிய உண்மையைச் சொல்லுங்கள் அண்ணே என்று கேட்டேன். அவர் என்னைக் கூட்டத்திலிருந்து விலக்கிக் கூட்டிக்கொண்டு போய், "நீ அடிச்சது எனக்குத் தெரியும்ப்பா. இன்னைக்கும் குளிர்காலத்துல தாடை வலிக்குது. ஆனா எங்க ஊர்ல போயி நான் அதைச் சொன்னா தாங்க மாட்டாங்க. நீ பொறுத்துக்க" என்றார். எனக்கு வெல்லப்பொட்டலம் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் பொறுத்துக்கொண்டேன். அவர் இருக்கிறவரைக்கும் உண்மை தெரிந்த இன்னொரு ஆள் இருக்கிறார் என்று எனக்கு ஒரு தைரியம் இருந்தது. அவர் காலமான செய்தி கேட்ட அன்று நான் அழுதேன். அவருக்காக அழுதது பாதி, எனக்காக அழுதது பாதி.

அதன் பிறகு சென்ற வியாழக்கிழமை பிற்பகலில் நான் தெற்குவாசலில் சிஹாபுதீன் நடத்தும் டீக்கடைக்குப் போனேன். அங்கே ரயில்வே பட்டறை மருதுவும் அத்தர் வியாபாரி உமர் பாரூக்கும் பேயாண்டியைப் பற்றித் தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். பேயாண்டி மாதிரி ஒருவன் இனிப் பிறக்கப்போவதில்லை, விரும்பித்தான் விழுந்தான், இல்லாவிட்டால் அவனைச் சாய்க்க ஆள் ஏது என்பது மருதுவின் கட்சி. கடைசி வருஷத்தில் கள்ளுக்கடையே கதியாகக் கிடந்தவன், காற்று அடித்தால்கூட விழுந்திருப்பான் என்பது உமர் பாரூக்கின் கட்சி. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே பெஞ்சியில் நான் உட்கார்ந்திருந்தேன். என் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டார்கள். ஒருவர்கூட என்னைப் பார்த்து, நீதானே எதிரே நின்றாய், என்ன நடந்தது என்று கேட்கவில்லை. நான் எழுந்து வெளியே போய் நின்றேன், மறுபடி உள்ளே வந்தேன், டீயைப் பாதியில் வைத்துவிட்டு மறுபடி வெளியே போனேன்.

அந்த நேரத்தில் பேயாண்டியின் தங்கை மகன் அழகுமலை என்னைத் தேடி அங்கே வந்தார். அவரோடு நான் மறுபடி கடைக்குள் வந்தேன். வயது இருபத்தைந்து இருக்கும், நல்ல ஆகிருதி. எழுமலையில் பேயாண்டிக்கு உருவக்கல் நட ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னார். அவர்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டாம். கல்லுக்குக் கண் திறக்கும் முன்பு, இறந்தவரோடு பிணக்கு உள்ளவர்கள் எல்லோரும் கல்லின் எதிரே வந்து, எனக்கும் இவருக்கும் இனி வழக்கில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் பாக்கியிருந்தாலும் கண் திறக்கமாட்டார்கள். மற்ற எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் ஒருவன்தான் பாக்கி என்றார். எனக்கும் அவருக்கும் ஒரு வழக்கும் இல்லை, வாரேன் என்று நான் சொன்னேன். அதற்கு அழகுமலை, "அது மட்டும் இல்லண்ணே. கல்லுல 'யாராலும் வீழ்த்தப்படாதவர்'னு வெட்டியாச்சு. மாமா விட்டுக்கொடுத்தாருன்னு நீங்க சபையில ஒரு வார்த்தை சொல்லிட்டா எங்களுக்கு அம்புட்டும் நேராயிரும்" என்றார்.

நான் அவரிடம் பொறுமையாகத்தான் பேசினேன். உங்கள் மாமா விட்டுக்கொடுத்தார் என்றால் டிக்கெட் வாங்கி வந்த ஜனங்களை ஏமாற்றினார் என்றுதான் அர்த்தம், அவர் அப்படிப்பட்டவர் இல்லை, விட்டுக்கொடுக்கிறவர் என் காதைச் செவிடாக்கியிருக்க மாட்டார், அவர் ஆடியதிலேயே பெரிய ஆட்டம் அதுதான் என்று சொன்னேன். என்னைவிட அவரை மதித்த ஆள் இந்த ஜில்லாவில் கிடையாது. அவர் கடைசிவரை மோதி விழுந்தார் என்று நான் சொல்கிறேன். அவரைக் கொண்டாடுகிறவர்கள் எல்லோரும் அவரைப் பொய்யராக்குகிறார்கள். இந்தக் கூத்துக்கு எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கு மருது, வாடிவாசலில் தானாக நின்றுவிட்ட காளையைத் தொட்டவன் எல்லாம் மாடு பிடித்தவன் ஆகிவிடுவானா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அழகுமலையும் சிரித்தார். அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் சொல்ல மாட்டேன், விளையாட்டாகத்தான் செய்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மாமாவைப் போலவே இரண்டு கையையும் தூக்கி வைத்து என் எதிரே நின்றார். "இந்தக் கையா எங்க மாமாவைச் சாச்சுச்சு? எங்க, சாச்சுக் காட்டுங்க பாப்பம்" என்றார். நான் வேண்டாம் தம்பி என்றேன். மறுபடியும் கேட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. வலது கையால் அவர் தாடையில் ஓர் அடி அடித்தேன். அவர் பெஞ்சியோடு சேர்ந்து பின்பக்கமாக விழுந்தார். நான்தான் அவரைத் தூக்கி, ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தாடை எலும்பு இரண்டாக உடைந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அது எனக்கு வருத்தம்தான். அவர் வீட்டார் இப்போது கஞ்சியைத் துணியில் நனைத்து ஊட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியார் சொல்லியனுப்பி அன்றிரவே போலீசார் என்னைப் பிடித்துவைத்தார்கள். அதன் பிறகு மறுநாள், நான் போலீஸ் காவலில் இருக்கும்போது, அழகுமலையின் தகப்பனார் கருத்தக்கண்ணனும் எங்கள் ஜமாஅத் பெரியவர்களும் சேர்ந்தே வந்தார்கள். ஈரத் தரையில் அழகுமலை வழுக்கி விழுந்துவிட்டார் என்று எல்லோரும் சொல்லிவிடுவதாகவும், நானும் அப்படியே சொன்னால் வழக்கு நிற்காது என்றும் சொன்னார்கள். டீக்கடை சிஹாபுதீன், தரையில் தண்ணீரைக் கொட்டியது தான்தான் என்று சொல்ல ஒப்புக்கொண்டிருந்தார். அடிபட்ட அழகுமலையும் போலீசார் கேட்டபோது வழுக்கி விழுந்ததாகவே ஜாடை காட்டினாராம். மகனை அடித்தவனைத் தப்ப வைக்க ஒரு தகப்பன் ஏன் இப்படி அலைகிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. அவரிடமே கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. "பேயாண்டி மருமகனையும் அதே கையி ஒரே அடியில சாச்சுப்புடுச்சுன்னு வெளிய தெரிஞ்சா, கல்லுல வெட்டுனதை எவன் நம்புவான் பாய்? எலும்பு கூடிக்கும். பேரு போனா வராதுல்ல" என்றார்.

அதன் பிறகு என் மனைவி ஜெயினம்பு வந்தாள். அடுத்த மாதம் சைனபுக்கு நிக்காஹ் வைத்திருக்கிறோம். "என்னங்க, வழுக்கி விழுந்தான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வீட்டுக்கு வாங்க. மாப்பிள்ளை வீட்டுல கேட்டா நான் எம்மூஞ்சியை எங்க கொண்டு வைக்கிறது" என்று அழுதாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. வீட்டுக்குப் போகத்தான் எனக்கும் ஆசை. அப்படியே சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் இன்று காலை இந்தக் கோர்ட்டுக்குள் வந்தேன்.

ஆனால் வாயில் வரவில்லை. எட்டு வருஷமாக ஊர் சொன்ன பொய்யை இன்று நானே என் வாயால் சொன்னால், பேயாண்டியும் தானாகத்தான் விழுந்தார் என்று நானே சாட்சி சொன்னதாகிவிடும். தண்டனை என்னவோ அதைக் கொடுங்கள். மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தால் காத்திருக்கட்டும். டீக்கடையின் தரை அன்று காய்ந்திருந்தது. அழகுமலை நன்றாகக் கால் ஊன்றித்தான் நின்றார்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதில் ஓர் இடத்தில் குமாஸ்தா, அழகுமலை கீழே விழுந்தார் என்று மட்டும் எழுதியிருந்தார். நான் அடித்த அடியில் விழுந்தார் என்று திருத்தச் சொன்னேன். திருத்தினார். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, நான் சொன்னதெல்லாம் நடந்தபடியே இருக்கிறது. திருத்திய இடத்தில் ஒரு கையெழுத்துப் போதும் என்றார்கள். அங்கே இரண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஒன்று பேயாண்டி அண்ணனுக்கு.

(ஒப்பம்) மை. ஜமீல்