டப்பாவின் நன்மைகள்

மெஷின் 'கீ கீ' என்று கத்தியதாம். தெருமுனை வரை கேட்டதாம். எதிர்வீட்டுத் தையல்காரர் போட்ட தையலை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாராம். எனக்குக் கேட்கவில்லை, சார். ஹெட்போன் மாட்டியிருந்தேன். இந்த டப்பாவின் முதல் நன்மை என்று அதைத்தான் சொல்வேன். காதில் மாட்டிவிட்டால் வெளியுலகமே கிடையாது.

உங்கள் மேஜைமேல் கிடக்கிறதே, அதுதான். டப்பா என்பது அண்ணன் வைத்த பெயர். பார்க்க உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே நடத்தலாம். கேம் ஆடலாம், படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம். அண்ணனுக்கு மாத்திரை நேரம் வந்தால் அதுவே மணியடிக்கும். நாம் ஆடும் ஆட்டத்தைத் தானாகவே பதிவு செய்து வைக்கும். பிறகு போட்டுப் பார்த்துப் பெருமைப்படலாம்.

வாங்கித் தந்ததே அண்ணன்தான். அவருக்கு நுரையீரல் கெட்டுப்போய், ஆக்ஸிஜன் மெஷினின் குழாய் மூக்கில் இல்லாவிட்டால் ஆகாது என்ற நிலை. கரண்ட் நின்றால் அந்த மெஷின் தானே கத்தும். அண்ணி டீச்சர். அவர் பள்ளிக்கூடம் போனதும் அண்ணனைப் பார்த்துக்கொள்வது நான். வீட்டுக்கு ஒரு வேலைவெட்டி இல்லாதவன் எவ்வளவு அவசியம் என்று இப்படிப்பட்ட நேரத்தில்தான் புரியும்.

"நாள் பூரா என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டிருந்தா உனக்கும் மூச்சு முட்டிடும்டா" என்று சொல்லித்தான் இதைக் கையில் கொடுத்தார்.

நல்ல மனுஷர். வாய்தான் கொஞ்சம். யார் பார்க்க வந்தாலும் என்னைக் காட்டி, எதையும் பாதியில் விடுவதில் இவன் கில்லாடி என்று ஆரம்பித்துவிடுவார். டைப்ரைட்டிங் பாதி, டிவி ரிப்பேர் பாதி, கல்யாணப் பேச்சும் பாதி. வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சொல்கிற விதம் அப்படி. அன்று காலையில் தையல்காரரிடம், இந்த கேமையும் பாதியில்தான் விடுவான், வேண்டுமானால் பந்தயம் என்றார். அதற்கும் சிரித்தேன்.

குறை என்று பார்த்தால் பேட்டரி. சரியான நேரத்தில் காலை வாரும். இன்னொன்று, ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் பட்டன் கடைசிக் கட்டத்தில் மட்டும் வேலை செய்யாது.

அன்று மத்தியானம் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டேன். மாதக்கணக்கான உழைப்பு, சார். பேட்டரி சிவப்பில் மினுக்கியது. கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டே பிளக் பாயின்ட். ஒன்றில் ஃபேன், இன்னொன்றில் மெஷின். ஃபேனைப் பிடுங்க மனசு வரவில்லை. நல்ல வெயில், அண்ணனுக்கு வியர்க்கும்.

சார்ஜரை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போயிருக்கலாமே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அண்ணனைத் தனியாக விட்டு நகரக்கூடாது என்பது அண்ணியின் உத்தரவு. அதை ஒருநாளும் நான் மீறியதில்லை.

ஆகவே மெஷினின் பிளக்கைத்தான் பிடுங்கினேன். அதை நான் மறைக்கவில்லையே. சட்டென்று முடித்துவிட்டுத் திரும்ப மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் வெளிச்சம் திரையில் அடித்ததால் அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். ஆட்டம் கொஞ்சம் இழுத்துவிட்டது. தையல்காரர் உள்ளே வந்து என் தோளை உலுக்கியபோது திரையில் மத்தாப்பு சிதறிக்கொண்டிருந்தது. ஜெயித்திருந்தேன். அண்ணனிடம் காட்டலாம் என்று ஆசையாகத் திரும்பினேன். பார்க்கிற நிலையில் அவர் இல்லை.

கவனக்குறைவு என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடப் பிறந்தவர், சார். ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தால் பிளக்கைத் திரும்ப மாட்டாமல் இருந்திருப்பேனா?

எதற்கு டப்பாவை எடுக்கிறீர்கள்? ஓ, பதிவா. பரவாயில்லை, எந்தப் பட்டன் என்று தெரிந்து வைத்திருக்கிறீர்கள். பாருங்கள், எவ்வளவு நேர்த்தியாக ஆடியிருக்கிறேன். அறையின் சத்தமும் கூடவே பதிவாகும் என்பது எனக்கு மறந்தே போய்விட்டது. அதையும் நன்மைகளில் சேர்க்க வேண்டியதுதான்.

மெஷின் கத்துகிறது. அண்ணன் திணறித் திணறி என்னைக் கூப்பிடுகிறார், மாட்டுடா என்கிறார். பிறகு என் குரல், பதற்றமே இல்லாமல்.

"இருண்ணே, இதையாவது முழுசா முடிச்சுடறேன்."