மஞ்சள் மூடி வாளி

எங்கள் பக்கத்து பீர் பொங்கி அடங்க எழுபத்திரண்டு மணி நேரம் ஆகும். மூன்றாம் நாள் தொட்டியின் மேலே ஈஸ்ட் கெட்டித் தயிர் மாதிரித் திரண்டு நிற்கும். அதை வழித்து வாளியில் எடுத்து வைத்தால் அடுத்த முறைக்கு ஆகும். மிச்சத்தை அண்டை ஆலைக்காரர் யாராவது கேட்டு வாங்கிப் போவார். நீங்கள் லீட்ஸ் நகரத்துக்காரர் என்பதால் சொல்கிறேன். இந்தப் பள்ளத்தாக்கில் ஈஸ்டுக்கு யாரும் காசு வாங்குவதில்லை. வாளியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதைக் காலியாகக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். அரை டஜன் முட்டை, ஒரு துண்டு பாலாடைக்கட்டி, ஏதாவது உள்ளே இருக்க வேண்டும்.

இங்கே பதினோரு சிறு பீர் ஆலைகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கின்றன. அதில் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் நான். நுண்ணுயிரியல் படித்தேன். பழைய தேவாலயத்தின் மாடியில் ஒரு மைக்ராஸ்கோப்பும் ஒரு குளிர்பெட்டியும் உண்டு. உறுப்பினர்கள் ஈஸ்ட் மாதிரி அனுப்புவார்கள். பார்த்து முடிவு அனுப்புவேன். எனக்குப் பேச்சு வராது. போன் செய்வதற்கு முன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்வேன். முதல் இரண்டு வருடங்களில் அது அதிகம் தேவைப்படவில்லை. எல்லோருடைய ஈஸ்டும் நன்றாக இருந்தது. நன்றாக இருக்கும்போது யாரும் கூப்பிடுவதில்லை.

ஜனவரிக் கூட்டத்தில் தலைவர் மால்கம் த்வெயிட் என்னை வைத்துக்கொண்டே பேசினார்.

"பொண்ணு நல்ல பொண்ணுதான். குறை சொல்லல. ஆனா 'நல்லா இருக்கு, நல்லா இருக்கு'ன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு, ஒரு லேபு. அத என் நாயே சொல்லும்."

சிரித்தார்கள். இன்னொரு ஆலைக்காரரான டெரிக் ஸ்கோஃபீல்டு மட்டும் தன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உன் நாய் உன் பீர ஒரு நாளும் தொட்டதில்லையே மால்கம். அதுக்கு வெவரம் இருக்கு."

மறுபடி சிரித்தார்கள், இந்த முறை மால்கமைப் பார்த்து. "ஒருத்தனுக்கு ஒண்ணுன்னா ஓடி வரதுக்குத்தான்யா சங்கம்," என்றார் டெரிக். "கூப்பிட்டா இந்தப் பொண்ணு வரும். வேற யாரு வருவா? நீயா?"

எனக்காகப் பேசியவர் அவர் ஒருவர்தான். லேபை மூடுவதா, மூடினால் சங்கம் எதற்கு என்ற பேச்சை ஏப்ரல் பொதுக்கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களுக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்று மட்டும் தோன்றியது.

மார்ச்சில் மால்கமின் கிடங்கில் பாட்டில்கள் வெடிக்கத் தொடங்கின. காலையில் போன் செய்தார். "ஃபிரேயா, கொஞ்சம் வர முடியுமாம்மா?" அதுவரை அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அது ஒரு வகைக் காட்டு ஈஸ்ட். நல்ல ஈஸ்ட் தின்னாமல் விட்டுவைக்கும் சர்க்கரையை அது தின்னும். தொட்டியில் இருக்கும்போது வித்தியாசமே தெரியாது. பாட்டிலில் அடைத்துச் சில வாரங்கள் கழித்தும் தின்றுகொண்டே இருக்கும். வாயு சேரும், கண்ணாடி தாங்காது. ஏழு ஆலைகளில் அது இருந்தது. மதுக்கடை ஒன்றில் பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணுக்கு இடது கண் போய்விட்டது. அதற்காக வருந்துகிறேன்.

ஏழு ஆலைகளுக்கும் போனேன். தொட்டிகளைக் கொதிநீரால் கழுவச் சொன்னேன், குழாய்களைக் கழற்ற வைத்தேன், எதைக் கொட்ட வேண்டும் என்று காட்டினேன். சொன்னதைச் செய்தார்கள். சமையலறையில் உட்கார வைத்து, ரொட்டியில் வெண்ணெய் தடவித் தட்டை என் பக்கம் நகர்த்தினார்கள். மால்கமின் மனைவி என் கோட்டில் அறுந்திருந்த பொத்தானைத் தைத்துக் கொடுத்தார். அந்த வசந்தத்தில் எதையும் எழுதி வைத்துக்கொள்ளாமலே என்னால் போனில் பேச முடிந்தது.

டெரிக்கின் ஆலைக்குக் கடைசியாகப் போனேன். ஏழு பேரில் ஆறு பேர் அவரிடம்தான் ஈஸ்ட் வாங்கியிருந்தார்கள். ஏழாமவர் அவரே. தொட்டியின் விளிம்பில் கை வைத்து நின்றார்.

"வெளியிலேர்ந்து என் ஆலைக்குள்ள ஒண்ணுமே வரலியே கண்ணு. நீ திருப்பிக் குடுத்தனுப்பின வாளியத் தவிர." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "அதுலேர்ந்து எப்படி வரும்? லேப்லேர்ந்து வந்த வாளிங்கறதால நான் கழுவக்கூட இல்ல. டாக்டரம்மா குடுத்தத நாம கழுவினா மரியாதையா இருக்குமா? சரி, எங்கியோ நான்தான் கோட்டை விட்டிருக்கேன்."

நான் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் கூட்டத்தில் சங்கத்தையும் லேபையும் தொடர்வது என்று எல்லோரும் கை தூக்கினார்கள். "அன்னிக்கு நாயப் பத்திச் சொன்னத மறந்துரும்மா," என்றார் மால்கம். பிறகு இது எங்கிருந்து பரவியது என்று கேட்டார்கள். சோதனையில் தெரிந்ததைச் சொன்னேன். டெரிக்கின் ஈஸ்டிலிருந்து. அது பொய் இல்லை. நீங்கள் எத்தனை முறை சோதித்தாலும் அதுதான் வரும். டெரிக்கும் அன்று கை தூக்கியிருந்தார்.

யாரும் அவரைத் திட்டவில்லை. எங்கள் ஊரில் திட்ட மாட்டார்கள். அந்த வாரத்துக்குள் அவரவரிடம் இருந்த டெரிக்கின் வாளிகளைக் கொண்டுவந்து அவர் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். ஆறு வாளிகள். ஆறும் காலி. நான் அந்த வழியாகக் காரில் போனபோது அவர் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மே மாதம் டெரிக் தொட்டிக்குள் இறங்கித் தேய்க்கப் போனார். பீரை எடுத்த பிறகும் தொட்டியின் அடியில் கனமான வாயு தங்கியிருக்கும். நிறமில்லாதது. இரண்டு மூச்சு போதும். அதனால் இறங்குவதற்கு முன்னால் எரியும் மெழுகுவத்தியைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்ப்பார், அணைந்தால் இறங்க மாட்டார். வாயுவை அளக்கும் மீட்டர் வாங்கித் தந்திருந்தோம், அவர் மெழுகுவத்தியைத்தான் நம்புவார்.

அவர் இறந்தது விபத்து என்று முடிவு செய்தார்கள். அடக்கம் முடிந்து தேநீர் கொடுத்தபோது அவர் மனைவி ஷீலா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெழுகுவத்தி அலமாரியிலயே இருந்துச்சு கண்ணு. தீப்பெட்டி பக்கத்துலயே. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்கறேன், ஒரு தடவ மறந்ததில்ல." கையை விடாமலே, "உம்மேல அவருக்கு ரொம்பப் பிரியம். 'அந்தப் பொண்ணு மட்டும் இல்லேன்னா எல்லாரும் அழிஞ்சிருப்போம்'னு சொல்லிட்டே இருந்தாரு" என்றார்.

அது உண்மை என்றுதான் நானும் நினைக்கிறேன். சங்கம் இல்லாவிட்டால் பெரிய கம்பெனிகள் இவர்களை ஒவ்வொருவராக விழுங்கிவிடும். யாராவது ஒருவர் அதை அவர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது.

ஏன் நானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று கேட்டீர்கள். இப்போது இங்கே யாரும் யாருக்கும் ஈஸ்ட் கொடுப்பதில்லை. பொட்டலத்தில் வரும் உலர் ஈஸ்ட் வாங்குகிறார்கள். அதில் ஒரு குறையும் இருக்காது. ஜூனிலிருந்து என் போன் அடிக்கவில்லை. லேபைப் பற்றிப் பேச மால்கம் மறுபடி கூட்டம் போட்டிருக்கிறார். இந்த முறை எனக்காகப் பேச ஆள் இல்லை. நீங்கள் ஒருவர்தான் இவ்வளவு நேரம் நான் சொல்வதைக் கேட்டிருக்கிறீர்கள்.

டெரிக்கைத் தேர்ந்தெடுத்ததில் அவர்மேல் எந்த வருத்தமும் இல்லை. அதிகம் பேர் அவரிடம்தான் வாங்கினார்கள், அதுதான் காரணம். அவருடைய ஈஸ்ட் சுத்தமாக இருந்தது. பள்ளத்தாக்கிலேயே அதுதான் மிகச் சுத்தம். பிப்ரவரியில் லேபுக்கென்று அவரிடம் ஒரு வாளி வாங்கினேன். மஞ்சள் மூடி போட்டது. திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் கழுவிக் காயவைத்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் குளிர்பெட்டியில் வைத்திருந்த காட்டு ஈஸ்டில் ஒரு கரண்டி எடுத்து உட்புறம் முழுக்கத் தடவினேன். அம்மா செய்த ஜாம் பாட்டில் ஒன்றைத் தாளில் சுற்றி உள்ளே வைத்தேன்.

நான் அதைக் காலியாகக் கொடுக்கவில்லை.