அக்காவின் காலுறையைப் பிரித்துத் தைத்தது பற்றி

சென்ற வாரம் நான் கொடுத்த புகாரில் உள்ள பெயரும் முகவரியும் என்னுடையவையே. வயது நாற்பத்தேழு. மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருபத்திரண்டு வருடங்களாகப் பெண்களுக்கான தையற்கடை நடத்தி வருகிறேன். இறந்துபோனவர் என் உடன்பிறந்த அக்கா, வயது ஐம்பத்து நான்கு. அக்காவின் கணவரான என் மாமா, விமானத்தில் அவளைக் கவனிக்காமல் சாகவிட்டார் என்று எழுதிக் கொடுத்தேன். அதன் பேரில் அவரைத் தினமும் இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வரவழைத்து உட்காரவைக்கிறார்கள். அந்தப் புகாரில் இல்லாததைச் சொல்ல இன்று நானாகவே வந்தேன். யாரும் மிரட்டவில்லை. என்னை மிரட்டுகிற ஆள் எங்கள் தெருவில் இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பு அக்கா இடது காலில் ரத்தம் உறைந்து பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இந்த வருடம் வெளிநாட்டில் இருக்கும் அவள் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியதால், பதினான்கு மணி நேரம் விமானத்தில் போக வேண்டி வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, புறப்படும் முன் ஒரு ஊசி, வழியில் நிறையத் தண்ணீர், மணிக்கொரு தரம் எழுந்து நடப்பது, அதோடு முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் காலுறை என்று சொல்லி அனுப்பினார். காலுறை அவள் காலுக்கென்றே அளவெடுத்து வரவழைத்தது.

அதன் பிறகு, புறப்படுவதற்கு முந்தைய நாள் மத்தியானம் அக்கா அதை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். இருவரும் சேர்ந்து இழுத்தும் லேசில் ஏறவில்லை. "இது ஏறி முடிக்கறதுக்குள்ள குழந்தை பொறந்து நடந்தே வந்துடும்டி" என்று சிரித்தாள். அரை மணி நேரம் கழித்துக் கழற்றியபோது கெண்டைக்காலில் தடம் பதிந்து சிவந்திருந்தது. என் தொழிலில், துணி உடம்பில் தடம் பதித்தால் அளவு தப்பு என்று அர்த்தம். அப்படித் தைத்துக் கொடுத்தால் வாடிக்கைக்காரி முகத்திலேயே வீசிவிட்டுப் போவாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "எந்த மடையன் அளவெடுத்தான், கொடு இங்க" என்றேன். அக்கா, "டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா" என்றாள். துணியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். அதன் பிறகு இரண்டு காலுறைகளிலும் பின்பக்கத் தையலைப் பிரித்து, இழுபடும் துணியில் விரல் அகலப் பட்டை வெட்டி உள்ளே கொடுத்துத் தைத்தேன். ஒட்டு தெரியாமல் வந்தது. அக்கா போட்டுப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் உயிரே வந்துச்சு" என்றாள். இதை அவள் சொன்னபடியே எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு மறுநாள் காலை அக்காவும் மாமாவும் புறப்பட்டுப் போனார்கள். விமானம் இறங்கி, பெட்டி எடுக்கப் போகும் வழியில் அக்கா மூச்சு வாங்குகிறது என்று சுவரைப் பிடித்து நின்று, அப்படியே சரிந்துவிட்டாள். உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய்விட்டதாம். ஐந்தாம் நாள் உடல் வந்தது. அத்தனை பேர் முன்னால் மாமாவை வாய்க்கு வந்தபடி பேசினேன். ஒரு தடவையாவது எழுப்பி நடக்க வைத்தீர்களா என்று கேட்டேன். அவர் தலை குனிந்து நின்றார். சாதாரண நாளிலேயே வாயில்லாப் பூச்சி அவர். குற்றமுள்ளவர் என்பதால்தான் பேசவில்லை என்று நினைத்து, அன்றே இங்கு வந்து புகார் கொடுத்தேன்.

அதன் பிறகு, நேற்று முன்தினம் அக்காவின் துணிகளை எடுத்து வைக்கப் பெட்டியைத் திறந்தபோது, அடியில் ஆஸ்பத்திரிப் பையில் அந்தக் காலுறைகள் இருந்தன. அவற்றை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் உள்ளே விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "அந்த இறுக்கம்தாம்மா மருந்து" என்றார். இதனால்தான் போனாளா என்று கேட்டதற்கு, அப்படி உறுதியாக யாரும் சொல்ல முடியாது, இறுக்கமாக இருந்தும் வந்திருக்கலாம் என்றார். அது அவர் சொன்னது. பிரித்தது என் கை.

அதன் பிறகு நேராக மாமா வீட்டுக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தெரியும் என்றார். மணிக்கொரு தரம் எழுப்பி நடக்க வைத்ததாகவும், நடக்கும்போது அக்கா புடவையைச் சற்றுத் தூக்கி, தங்கச்சி தைத்தது என்று காட்டியதாகவும், அங்கே ஆஸ்பத்திரியில் அதைக் கழற்றியபோதே இறுக்கம் போயிருப்பதைச் சொல்லிவிட்டார்கள் என்றும் சொன்னார். போலீஸில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ தாங்கமாட்ட. என்னைத் திட்டிக்கிட்டாவது இருன்னு விட்டுட்டேன்" என்றார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஆகவே மாமா மேல் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுகிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அவரை இன்றே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். என்மேல் என்ன நடவடிக்கை உண்டோ அதை எடுக்கட்டும்.

எழுத்தர் இதை முழுவதும் படித்துக் காட்டக் கேட்டேன். காலுறையைப் பிரித்த இடத்தில் அவர் இரக்கப்பட்டுத் தாமாகச் சேர்த்திருந்த 'அறியாமல்' என்ற சொல்லை அடிக்கச் சொல்லி, அடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, உண்மை.

(ஒப்பம்)